அம்மாவின் ஐந்து வருட வைப்பு

கண்டியில் ஒரு வங்கியில் இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தேன். பணத்தைப் பற்றி யார் என்ன கேட்டாலும் யோசிக்காமல் பதில் சொல்வேன். எங்கள் குடும்பத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த முதல் ஆள் நான்தான். அந்த மிதப்பு எனக்கு நிறையவே இருந்தது. இப்போது எழுதும்போது முகம் சுடுகிறது.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். ஒவ்வொரு தீபாவளிக்கும் தோட்டத்தில் முற்பணம் கொடுப்பார்கள். மாதாமாதம் சம்பளத்தில் அதைக் கழித்துக்கொண்டே வருவார்கள். கழிந்து முடியும்போது அடுத்த தீபாவளி வந்து நிற்கும். நான் சம்பாதிக்கும் காலத்தில் எங்கள் வீட்டுப் பணம் இப்படி முன்கூட்டியே கரைய விடமாட்டேன் என்று சின்ன வயதிலேயே வைராக்கியம் வைத்திருந்தேன்.

வேலையை விட்டபோது அம்மாவுக்கு ஈ.பி.எஃப். என்ற சேமலாப நிதிப் பணம் வந்தது. முப்பத்தைந்து வருட உழைப்பு ஒரே காசோலையில் அடங்கிவிட்டது. பேராதனையில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கே அம்மாவும் வந்து சேர்ந்தார். வந்த அன்றே பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்த காசோலையை என் கையில் கொடுத்தார்.

"இந்தா பாப்பா. நீயே பாத்துக்க. எனக்கு என்னா தெரியும்?"

வட்டி அதிகம் என்பதால் ஐந்து வருட நிலையான வைப்பில் போட்டேன். இடையில் எடுத்தால் வட்டியில் பெரும்பகுதி போய்விடும் என்றும் சொல்லிவைத்தேன். அம்மா அந்தச் சான்றிதழைத் தன் தங்கையின் போட்டோ இருந்த பிஸ்கட் டின்னில் வைத்து மூடினார்.

அந்தத் தங்கை, என் சித்தி, இந்தியக் குடியுரிமை கிடைத்து நான் பிறப்பதற்கு முன்பே குடும்பத்தோடு கப்பலேறிப் போனவர். கூடலூர்ப் பக்கம் குடியேறினார். அங்கேயும் தேயிலைதான். இங்கே இருந்தவரை அக்காவும் தங்கையும் மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் பறித்தவர்கள். போன பிறகு ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை.

வைப்புக்கு நான்கு வருடம் முடிந்த சமயத்தில் சித்தியின் மகன் தொலைபேசியில் பேசினான். சித்திக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதாம். அக்காவை ஒருதரம் பார்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அன்று மாலை அம்மா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"அந்தச் சல்லியில கொஞ்சம் எடுக்கலாமா பாப்பா? ஒருக்கா போய் அவளப் பாத்துட்டு வந்துர்றேன்."

"இன்னும் பதினோரு மாசந்தாம்மா. இப்ப எடுத்தா வட்டியெல்லாம் போயிரும். முழுசா வாங்கிக்கிட்டு ராசாத்தி மாதிரி போய் ஒரு மாசம் இருந்துட்டு வாங்க."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து பிலிமத்தலாவையிலிருந்து ஓர் இரும்புக்கடை முதலாளி வங்கிக்கு வந்தார். சரக்கு எடுக்க அவசரமாகப் பணம் வேண்டும், வைப்பை முறிக்கட்டுமா என்று கேட்டார். "ஏன் முறிக்கிறீங்க? வைப்பையே ஈடா வச்சுக் கடன் எடுங்க. வட்டியும் கிடைக்கும், உங்க வேலையும் நடக்கும்" என்றேன். மத்தியானத்துக்குள் பணத்தோடு போனார். போகும்போது என்னைப் போல ஓர் ஆள் இருந்தால் பயமே இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

அதே வழி அம்மாவுக்கும் இருந்தது. எனக்குத் தெரியும். அன்று சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கும்போது நினைவுக்கும் வந்தது. கடன் என்ற சொல்லே எங்கள் வீட்டுக்குள் மறுபடி வரக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். முதலாளியின் சரக்கு எனக்குத் தேவையாகப் பட்டது. அம்மா தன் தங்கையைப் பார்க்கப் போவது வீண் செலவாகப் பட்டது. இதை இன்னும் நயமாகச் சொல்லலாம்தான், ஆனால் அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

அம்மா பாஸ்போட் எடுத்தார். சித்திக்கென்று கண்டி டவுனில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு சேலை வாங்கினார். மாதம் பிறந்தால் "இன்னும் எத்தன பாப்பா?" என்று கேட்பார். நானும் நல்ல பிள்ளையாகக் கணக்குச் சொல்வேன்.

நான்கு மாதம் மீதி இருக்கும்போது சித்தி இறந்துவிட்டார். அம்மா என் முன்னால் அழவில்லை. சேலையை அலுமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு வந்து படுத்துக்கொண்டார். "நாலு மாசம் பொறுக்கலையே இந்தக் கடவுள்" என்று பக்கத்தில் உட்கார்ந்து நான் கடவுளைத் திட்டினேன். வாய் கூசவில்லை.

வைப்பு முதிர்ந்த நாள் அம்மாவை வங்கிக்குக் கூட்டிப்போனேன். பக்கத்துக் கவுண்டரில் இருந்த சிங்களச் சிநேகிதி அம்மாவுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்து, இவ்வளவு பணத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டாள். இந்தியா போகத்தான் இருந்தேன் என்று அம்மா தங்கையின் கதையைச் சொன்னார். அவள் பதறிப்போய், தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்:

"ஐயோ அம்மே, ஏன் சொல்லல்ல? இதுக்கு லோன் எடுக்க ஏலும்தானே. ஒரு நாள்ல குடுக்கும்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் மேசையில் இருந்த படிவத்தைப் பார்த்தேன்.

"பாப்பாவுக்கு வேல ஜாஸ்தி. மறந்திருக்கும்" என்றார் அம்மா, அவளிடம்.

"ஆமாம்மா, மறந்துட்டேன்" என்றேன். அந்தப் பொய்யை அம்மா இறக்கும்வரை நான் திருத்தவில்லை.

பணத்தை என்ன செய்யட்டும் என்று மெதுவாகக் கேட்டேன். அம்மா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"மறுபடியும் அஞ்சு வருஷத்துக்கே போட்டுரு. இனி எனக்கென்ன அவசரம்?"

புதுப் படிவத்தை எடுத்து நிரப்பினேன். என் கையெழுத்து அன்றும் அழகாகவே இருந்தது.