வீட்டுக்குப் போகும் கப்பல்

மேலிடத்தார் சொன்னதை நம்புவதில் ஓக்கோ ஹார்ம்ஸுக்கு எங்கள் கைதிமுகாமில் போட்டியே கிடையாது. ஜெர்மனியின் வடகடல் ஓரத்தில் என் ஊர்க்காரன், முடிதிருத்துபவன். துனிசியாவில் இருவரும் சேர்ந்தே பிடிபட்டு, அமெரிக்காவில் பருத்தி பறித்தோம். அவன் போருக்கு வந்தபின் பிறந்த மகள் இம்கேயைப் பார்த்துவிட வேண்டும். அது ஒன்றுதான் அவன் கவலை.

1946-இல் முகாம் அதிகாரி, "உங்களை வீட்டுக்கு அனுப்புகிறோம்" என்று அறிவித்து, கைகுலுக்கி வழியனுப்பினார். கைகுலுக்கியவரைச் சந்தேகிப்பது மரியாதையா? கப்பலிலிருந்து மூடுபனிக்குள் கரை தெரிந்ததும், கடலோரக்காரன் என்ற தகுதியில் ஓக்கோ கூவினான்:

"பிரேமர்ஹாஃபன் துறைமுகம்டா! நம்ம ஊர் வாடை அடிக்குது பாருங்க!"

தொப்பியைக் கழற்றிப் பாடினோம். வந்து சேர்ந்தது இங்கிலாந்தின் லிவர்பூல்.

கரையில் நின்ற பிரிட்டிஷ் சார்ஜண்டிடம் ஓக்கோ பணிவாகக் கேட்டான்: "ஐயா, வீட்டுக்குன்னுதானே சொன்னாங்க?"

"நெசத்தைச் சொல்லியிருந்தா ஏறியிருப்பியாப்பா?"

மறுக்க முடியாத நியாயம். இரண்டு வல்லரசுகளைத் திட்ட எங்களுக்கு வசதி போதாது. ஓக்கோ பக்கத்துக் கட்டிலிலேயே இருந்தான். ஆகவே துரோகி அவன்தான் என்று முடிவாயிற்று. லிங்கன்ஷயர் பண்ணையில் உருளைக்கிழங்கு தோண்டும்போதெல்லாம் கூட இருந்த கைதி வில்ஹார்ட் கேட்பான்: "என்ன கேப்டன், இன்னிக்கு எந்த ஊரு வாடை?"

இரண்டு வருடம் இந்தக் கேலியைத் தின்ற ஓக்கோ ஒரு கொள்கைக்கு வந்தான்: இனி யார் சொன்னாலும் நம்புவதில்லை. அப்போதுதான் எங்கள் பெயர்களை வாசித்தார்கள். காலையில் புறப்பாடு, வீட்டுக்கு.

"மறுபடியுமா?" என்றான் ஓக்கோ. "இந்தத் தடவை நிலக்கரிச் சுரங்கம்டா."

"டேய், நெசமாவே போறோம்டா! புள்ளையைப் பார்க்க வேணாமா?" என்றேன்.

"பார்க்கணும். அதான் ஏற மாட்டேன்."

விடிந்ததும் பண்ணை வைக்கோல் போருக்குள் புகுந்துகொண்டான். லாரி ஹாரன் அடித்து அடித்துச் சலித்துக் கிளம்பியது. கப்பல் ஜெர்மனிக்கே போனது.

ஊரில் அவன் மனைவி கேஸ்கே, இம்கேயின் கையைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அவர் எங்கண்ணே?"

"வைக்கோல் போருக்குள்ள ஒளிஞ்சிட்டான்மா."

"எதுக்கு?"

"வீட்டுக்கு அனுப்பறோம்னு சொன்னாங்க."

கேஸ்கே என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அங்க ஒருத்தி இருக்கா. அதானே? பொய் சொல்றதைக் கொஞ்சம் பொருத்தமா சொல்லக் கூடாதாண்ணே?"

சில மாதம் கழித்து ஓக்கோவும் வந்தான். வாசலில் நின்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் தாழ்ப்பாளை எடுக்கவில்லை.