கேற்றில் கட்டிய வெள்ளை

எங்கள் மாமா உலகத்தில் யாரையும் நம்பமாட்டார். பால் போத்தல் வைக்க வரும் வெள்ளைக்காரன் விசிலடித்தால்கூட, "இவன் ஏன் இண்டைக்கு மட்டும் விசிலடிக்கிறான்?" என்று யன்னல் சீலையை விலக்கிப் பார்ப்பார். அம்மாவின் தம்பி அவர். எழுபத்தொன்றில் இலங்கையில் அரசாங்கத்துக்கு எதிராகப் பெடியன்கள் துவக்குத் தூக்கியபோது, பொலிஸ் நிலையத்தைத் தாக்கப் போனவர்களில் ஒருவன் மாமாவின் பக்கத்து அறைக்காரனாம். எந்நேரமும் சிரித்துக்கொண்டு திரிந்தவனாம். அன்றிலிருந்து சிரிக்கிறவர்களைக் கண்டாலே மாமாவுக்கு ஆகாது.

எழுபத்தைந்தில் நாங்களும் மாமாவும் சிட்னியில், லிட்கம்மில் ஒரே வீட்டில் இருந்தோம். எனக்கு ஒன்பது வயது. பின்னறையை அப்பா ஒரு கம்போடிய மாணவருக்கு வாடகைக்குக் கொடுத்திருந்தார். மெலிந்த மனிதர், சிரித்த முகம். போதாதா! அவருடைய நாட்டில் உள்நாட்டுச் சண்டை. சிவப்புக் கொடி பிடித்த புரட்சிப் படைகள் தலைநகரைச் சுற்றி வளைத்திருந்தன. அவருடைய மனைவியும் மகளும் அந்த நகரத்துக்குள்தான் அகப்பட்டிருந்தார்கள். அப்படித்தான் அவர் சொன்னார்.

"ஆர் கண்டது?" என்றார் மாமா.

அவரை வேவு பார்க்க என்னைத்தான் மாமா அனுப்பினார். சின்னப் பெண்ணை யாரும் சந்தேகிக்க மாட்டார்களாம். எனக்கு அந்த உத்தியோகம் நிரம்பப் பிடித்திருந்தது. ஒருநாள் பின்னறைக்காரர் என்னைக் கூப்பிட்டு, ஒரு சிவப்பு மழைக்கோட்டைப் போட்டுவிட்டு அளவு பார்த்தார். தன் மகளும் என் உயரம்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். பெரிய கறுப்புப் பொத்தான்கள். கழற்றவே மனம் வரவில்லை. நான் ஓடிப்போய்ச் சொன்னதும் மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என்ன நிறம்?"

"சிவப்பு."

"அப்பிடிச் சொல்லு!"

ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால், பின்னறைக்காரர் பக்கக் கேற்றில் எங்கள் கூட்டுகிற தும்புத்தடியைக் கட்டி, அதில் ஒரு வெள்ளைக் கட்டில் விரிப்பைத் தொங்கவிட்டிருக்கிறார். அம்மா அதைப் பார்த்து நெஞ்சில் கையை வைத்தார். எங்கள் ஊரில் வாசலில் வெள்ளை கட்டினால் அது செத்தவீடு, வேறு கதையே கிடையாது.

"ஐயோ, அந்தப் பிள்ளைக்கு என்னவோ நடந்திட்டுது. பாவம், மனுசன் ஒண்டும் சமைச்சிருக்காது" என்று குசினிக்குள் ஓடினார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் அவசர அவசரமாக ஆயின. அப்பா வேலையால் வந்ததும், அம்மா ஒரு பழஞ்சேலையைச் சுற்றிக்கொண்டு புறப்பட்டார். மாமாகூடத் தன் சந்தேகத்துக்கு லீவு கொடுத்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டபடி பின்னால் வந்தார்.

கதவைத் திறந்தவர் சிரித்தார். சிரித்தது மட்டுமா! ரேடியோ அலறிக்கொண்டிருக்க, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். சண்டை முடிந்துவிட்டதாம். புரட்சிப் படை தலைநகரைப் பிடித்துவிட்டதாம். சனமெல்லாம் வீட்டுக்கு வீடு வெள்ளைக்கொடி கட்டிச் சந்தோசப்படுகிறதாம், அதனால் தானும் கட்டினாராம். இனி மனைவியையும் மகளையும் பார்க்கலாம் என்று சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அம்மா விருந்து கொண்டுவந்திருப்பதாக நினைத்துக் கும்பிட்டு வாங்கி, எங்கள் முன்னாலேயே இருந்து சாப்பிட்டார். துடைத்த கண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் அம்மா நின்றார்.

குசினிக்குள் வந்ததும் மாமா பிடித்துக்கொண்டார்.

"பிடிச்சவங்களுக்குக் கொடி கட்டுறான் எண்டால், இவன் ஆற்ற ஆள் அக்கா?"

"பெண்சாதி பிள்ளை தப்பிட்டினம் எண்ட சந்தோசமா இருக்கும்" என்றார் அம்மா. ஆனால் குரலில் உறுதி இல்லை. அதற்குப்பிறகு பின்னறைக்குக் குழம்பு போகவில்லை.

அவர் எங்கள் டெலிபோனில் ஊருக்குப் பேசக் கேட்டுக்கேட்டுப் பார்ப்பார். லைன் கிடைக்காது. "இன்னும் திருத்தவில்லை போல" என்று சிரிப்பார். சிரிப்பு வரவரச் சுருங்கிக்கொண்டு போனது. மாமா மட்டும், "என்ன நடிப்படா சாமி!" என்பார்.

அடுத்த வருடம், படித்தவர்களைப் புது அரசாங்கம் திரும்பி வரச் சொல்கிறது, நான் போகிறேன் என்றார் அவர். மாமாவுக்கு வந்த வெற்றியைப் பார்க்கவேண்டும்! "நான் சொன்னனானே? அவங்கட ஆள்தான். இப்ப கூப்பிடுறாங்கள், போறார்."

போகிற அன்று டாக்சி வந்து நிற்க, மழைக்கோட்டை மறுபடி எனக்குப் போட்டுப் பார்த்தார். கை குட்டையாகிவிட்டது. எனக்குத் தந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அவரோ கையின் உட்புறம் மடித்துத் தைத்திருந்ததைக் காட்டி, "அவிழ்த்துவிட்டால் சரி" என்றார். கசங்கிவிடும் என்று பெட்டியில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டார். அம்மா குசினி யன்னலில் நின்று பார்த்தார். வெளியே வந்து "போயிட்டு வாங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவரைப் பற்றி ஒரு தகவலும் வரவில்லை. வளர்ந்தபிறகுதான் அறிந்தேன். சனம் கொடி கட்டி வரவேற்ற அதே படை, அன்றைக்கே நகரத்தில் ஒருவர் மிச்சமில்லாமல், நோயாளிகளைக்கூடக் கட்டிலோடு தெருவுக்குத் துரத்தியிருக்கிறது. எத்தனையோ பேர் அந்த வழியிலேயே செத்தார்கள். நம்பித் திரும்பிப் போனவர்களிலும் பலரை விட்டுவைக்கவில்லை. அம்மா அன்று சரியான வீட்டுக்குத்தான் சோறு கொண்டுபோயிருக்கிறார். அது செத்தவீடு என்று எங்களுக்கும் தெரியாது, சிரித்துச் சிரித்துச் சாப்பிட்ட அவருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், டாக்சி முடக்கில் திரும்பும்போது கண்ணாடிக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்ததும், அது எனக்குக் கிடைக்கவில்லையே என்று நான் அழுததும்தான்.