தங்கைக்கென்று வைத்திருந்த மூன்று ஜிபி

பம்புசெட் கடை பாலுசாமி யாரிடமும் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையைப் பார்த்தபடி முப்பது வருடமாகக் கடை நடத்துகிறார். தோட்டத்து மோட்டார் எரிந்துபோனது என்று யாராவது வந்து நின்றால், ரிப்பேர் முடியும்வரை ஓட்டிக்கொள்ளச் சொல்லி வேறொரு மோட்டாரைத் தூக்கி வண்டியில் வைத்துவிடுவார். அவருடைய ஏணி, டிரில்லிங் மெஷின், பைப் ரெஞ்சு எல்லாம் ஊரில் எங்கெங்கோ இருக்கும். அவருக்கு அவசரம் என்றால் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கி வருவார்.

இந்தக் குணத்தால் அதிகம் இழந்தது அவருடைய தங்கை சென்னியம்மாள்தான். அவளுடைய கல்யாணத்தன்று மணப்பெண்ணை அழைத்துப்போக ஏற்பாடு செய்திருந்த காரை, மனைவிக்குப் பிரசவ வலி என்று ஓடிவந்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். பட்டுச்சேலையும் மாலையுமாகச் சென்னியம்மாள் காய்கறி டெம்போவில் மண்டபம் போய்ச் சேர்ந்தாள். அவள் அதற்காகக் கோபப்பட்டதில்லை. “எங்கண்ணன் என்னையத் தக்காளிக் கூடையோட தாட்டியுட்டவருங்க” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்பா, அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு இருந்தது அவர் ஒருவர்தான். வாழ்க்கைப்பட்ட இடம் மதுக்கரை. கணவர் நாச்சிமுத்து சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் ரித்திகா கணினி நிறுவனத்தில் இருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் சென்னியம்மாளின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அளந்துதான் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பாலுசாமி போய் அவள் கட்டிலோரம் உட்கார்ந்திருப்பார். அண்ணன் எதிரில் இருந்தால் தாகம் தெரிவதில்லை என்பாள் அவள்.

பம்பு கம்பெனி அதிகம் விற்கும் டீலர்களை வருடா வருடம் வெளிநாட்டுக்கு அழைத்துப் போகும். மூன்று வருடமாக வந்த வாய்ப்பை பாலுசாமி தட்டிக் கழித்துக்கொண்டிருந்தார். இந்த முறை வியட்நாம். சென்னியம்மாள் விடவில்லை.

“போயிட்டு வாங்கண்ணா. நீங்க பாக்கறத அப்பிடியே போன்ல எனக்குக் காட்டுங்க. நானும் ஒரு வெளிநாடு பாத்த மாதிரி இருக்குமல்லங்க.”

“உன்னைய இப்பிடி உட்டுப்போட்டு எப்பிடி அம்மணி போறது?”

“ஆறு நாள்தானுங்கண்ணா. நான் எங்க போயிரப் போறேன்?”

அன்று மாலையே பாலுசாமி கம்பெனிக்குப் போன் செய்து பெயரைக் கொடுத்தார்.

ரித்திகா மாமாவின் போனை வாங்கி உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்காக அவள் போட்ட கணக்கு அது. வீட்டு வைஃபையை நிறுத்திவிட்டு, மாமாவைத் தெருவுக்கு அனுப்பி, பத்து நிமிடம் அம்மாவோடு வீடியோ காலில் பேசவைத்தாள். பிறகு செட்டிங்ஸைத் திறந்து எவ்வளவு டேட்டா போயிருக்கிறது என்று பார்த்தாள். தினமும் அரை மணி நேரம் அம்மாவோடு பேச்சு, கொஞ்சம் மேப், கொஞ்சம் வாட்ஸ்அப், கைக்காவலாக இன்னும் கொஞ்சம். மூன்று ஜிபி ரோமிங் பேக் போதும் என்றாள். அங்கே போய் உள்ளூர் சிம் வாங்கினால் மலிவுதான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து எந்த நேரமும் அழைப்பு வரலாம், பழைய நம்பரே இருக்கட்டும் என்று முடிவானது. வாட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதை நிறுத்தினாள். ஆப்புகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதையும், போட்டோக்கள் மேலே ஏறுவதையும் நிறுத்தினாள்.

“மாமா, இது அம்மாவுக்குன்னு வெச்சுக்கங்க. ஆராச்சும் ஹாட்ஸ்பாட் கேட்டா இல்லைன்னு சொல்லிப்போடுங்க.”

“செரி கண்ணு.”

“உங்க செரிய நான் நம்பமாட்டேனுங்க” என்றாள் ரித்திகா. கட்டிலில் படுத்திருந்த சென்னியம்மாள் சிரித்தாள்.

முதல் இரண்டு நாட்கள் அண்ணனும் தங்கையும் சேர்ந்தேதான் ஹனோய் பார்த்தார்கள். ஏரிக்கரையில் நின்றுகொண்டு போனைச் சுற்றிக் காட்டினார் அவர். கூம்புத் தொப்பி போட்ட பெண்கள் தோளில் காவடிபோலக் கூடை தூக்கிப் போனார்கள்.

“அண்ணா, அந்தப் பொம்பளை என்னங்ண்ணா விக்கறா?”

“கொய்யாக்காயாட்ட இருக்குது அம்மணி.”

“மொளகாப்பொடி போட்டுத் தர்றாளான்னு கேளுங்க.”

டயாலிசிஸ் ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன கையால் போனைப் பிடித்துக்கொண்டு, உப்பும் புளிப்பும் மறுக்கப்பட்ட அந்தப் பெண் கொய்யாக்காய்க்கு மிளகாய்ப்பொடி கேட்டாள். நடைபாதையில் நின்றிருந்த பாலுசாமி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கை சூலூர் டீலர் சீனிவாசலுவுக்கு. நல்ல மனிதர், வாய் ஓயாது. ஹோட்டலில் வைஃபை இருக்கும் என்று நம்பி எந்த பேக்கும் போடாமல் வந்திருந்தார். அந்த பஸ்ஸில் பலரும் அப்படித்தான்.

“ஏனுங்க பாலுசாமி, அஞ்சு நிமிஷம் உங்க ஹாட்ஸ்பாட்ட போடுங்க. பேத்தி போட்டோ அனுப்பியிருக்கறாளாமா.”

பாலுசாமியின் கை போனை எடுத்தது. தங்கைக்காகப் போட்ட கணக்கு அவருக்கு நினைவில் இருந்தது. ஆனால் பேத்தி போட்டோ என்று கேட்பவரிடம் எப்படி இல்லை என்பது? பாஸ்வேர்டைச் சொன்னார். பின் இருக்கை அன்னூர்க்காரர் எட்டிப் பார்த்தார். அவருக்கும், பிறகு பஸ்ஸில் கேட்டவர்களுக்கெல்லாமும் சொன்னார்.

“சிறுவாணித் தண்ணியாட்ட வருதுங்க உங்க நெட்டு” என்று சீனிவாசலு பாராட்டினார்.

மூன்றாம் நாள் மாலை தெருக்கடையில் நின்று தங்கையை அழைத்தபோது, முக்கால்வாசி தீர்ந்துவிட்டது என்ற தகவல் திரையில் வந்தது. “அம்மணி, ஹோட்டலுக்குப் போயி வைஃபையில கூப்புடறேன், இரு” என்று வைத்துவிட்டார். ஹோட்டல் வைஃபையில் நாற்பது பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சென்னியம்மாள் மடியில் போனை வைத்துக்கொண்டு காத்திருந்து அப்படியே தூங்கிப்போனாளாம். இதை ரித்திகா பிறகு சொன்னாள்.

மறுநாள் காலை, படகுச் சவாரிக்காகப் போயிருந்த ஹாலாங்கில் சாப்பாட்டு மேசையில் இருந்தபோது ரித்திகாவிடமிருந்து சாதாரண அழைப்பு வந்தது. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரத்த அழுத்தம் இறங்கி, திரும்ப ஏறவில்லை. ரித்திகாவால் அதற்குமேல் பேச முடியவில்லை. பாலுசாமி கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைக்கத் தெரியாமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

மற்றவர்கள் படகுக்குப் போனார்கள். டூர் மேனேஜர் விமான டிக்கெட்டுக்கு அலைந்தார். அடுத்த நாள் இரவுதான் இடம் கிடைத்தது. மதுக்கரையில் அதுவரை உடலை வைத்திருக்க முடியாத நிலை. உடம்பில் நீர் ஏறியிருந்தது, தாங்காது என்றார்கள். மின்மயானத்தில் மூன்றரை மணிக்கு நேரம் வாங்கினார்கள்.

அந்தக் குடும்பத்தில் பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடித்துணி விழ வேண்டும். அண்ணனோ தம்பியோ கடைசியாக முகம் பார்த்து, எடுக்கலாம் என்று சொன்ன பிறகுதான் எடுப்பார்கள். கோடிச்சேலையை பாலுசாமியின் மனைவி கோகிலாமணி கொண்டுபோவது, முகத்தை அவர் வீடியோ காலில் பார்ப்பது என்று பேசி முடித்தார்கள். செத்த முகத்தைப் படம் எடுத்து வைக்கக் கூடாது என்று நாச்சிமுத்து கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே பார்ப்பதென்றால் அந்த நேரத்தில் பார்த்தால்தான் உண்டு.

பாலுசாமி போனைத் திறந்து மீதியைப் பார்த்தார். அறுநூறு எம்பிக்கு மேல் இருந்தது. ரித்திகா கற்றுக்கொடுத்தபடி மனதுக்குள் கணக்குப் போட்டார். பத்து நிமிடம் போதும், தாராளமாக வரும். டேட்டாவை அணைத்து, போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக் கையால் பொத்திக்கொண்டார்.

சாப்பாட்டுக்குப் பிறகு பஸ்கள் ஹனோய்க்குக் கிளம்பின. டூர் மேனேஜரும் கைடும் முன்னால் போன பஸ்ஸில் இருந்தார்கள். படகிலிருந்து திரும்பியவர்கள் பாலுசாமியின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். சீனிவாசலு கண் கலங்கி உட்கார்ந்திருந்தார்.

“நம்ம டீலருங்க குரூப்ல துக்கச் செய்தி போட்டர்றேனுங்க. ஊர்ல இருக்கறவிய நாலு பேரு மதுக்கரைக்குப் போயி நிக்கோணுமல்லங்க. ஒரு நிமிஷம் நெட்டு குடுங்க.”

தங்கையின் சாவுக்கு ஆள் சேர்ப்பதற்காகக் கேட்கிறார். பாலுசாமி டேட்டாவையும் ஹாட்ஸ்பாட்டையும் போட்டார். செய்தி போனது. சீனிவாசலு நன்றி சொன்னார். பாலுசாமி கண்ணை மூடி இருக்கையில் சாய்ந்தார். அணைக்க வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

முன்பே பாஸ்வேர்ட் வாங்கிய போன்கள் எல்லாம், கேட்காமலே, சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டன. காலையில் படகில் எடுத்த வீடியோக்கள் ஒவ்வொரு போனிலிருந்தும் தாமாக மேலே ஏறத் தொடங்கின. போனின் சொந்தக்காரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கொலைகாரர் யாரும் அந்த பஸ்ஸில் இல்லை. ஆனால் ஒரு மனிதனுக்கு இந்த உலகத்தில் மிச்சமிருந்த ஒரே பார்வையை எல்லோருமாகச் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தார்கள்.

மதுக்கரையில் மூன்று மணி ஆகும்போது ரித்திகாவின் வீடியோ கால் வந்தது. பாலுசாமி எடுத்தார். பந்தல் தெரிந்தது. கோகிலாமணி கோடிச்சேலையோடு முன்னால் போவது தெரிந்தது.

“மாமா, தெரியுதுங்களா?”

“தெரியுது கண்ணு. கிட்டப் போ.”

பெண்களின் தோள்களை விலக்கிக்கொண்டு ரித்திகா உள்ளே நுழைந்தாள். பச்சைச் சேலையின் கரை, சாமந்தி மாலை, காதில் பழைய எட்டுக்கல் தோடு. கன்னத்தை நோக்கிப் படம் நகர்ந்தது. அங்கே நின்றது. கட்டம் கட்டமாக உடைந்தது. வட்டம் சுற்றியது. பிறகு கால் அறுந்து, பேக் முழுவதும் தீர்ந்துவிட்டது என்ற செய்தி வந்தது.

பாலுசாமி திரையைத் தேய்த்தார். மறுபடி அழைத்தார். போகவில்லை.

“சீனிவாசலு, ஆரு போன்லயாச்சும் நெட்டு இருக்குதுங்களா?”

சீனிவாசலு பதறி எழுந்து பஸ் முழுக்கக் கேட்டார். ஒவ்வொருவரும் தங்கள் போனைப் பார்த்தார்கள். ஒவ்வொரு போனிலும் ‘பாலுசாமி’ என்ற ஹாட்ஸ்பாட்டின் பெயர்தான் இருந்தது. யாரும் தலை நிமிரவில்லை. டிரைவருக்குப் பாஷை புரியவில்லை, அவர் கையில் இருந்ததும் பட்டன் போன். சீனிவாசலு பாலுசாமியின் போனை வாங்கி டூர் மேனேஜரைச் சாதாரண அழைப்பில் கூப்பிட்டார். இன்னும் அரை மணியில் சாலையோரக் கடையில் நிற்போம், அங்கே கைடு போனிலிருந்து இணைப்புத் தரலாம் என்று பதில் வந்தது.

அரை மணி நேரம். மதுக்கரையில் அதைப் பொறுக்கச் சொல்லிக் கேட்டால் போதும்.

பாலுசாமியின் போன் அடித்தது. சாதாரண அழைப்பு. ரித்திகா இல்லை, நாச்சிமுத்து. பின்னால் அழுகைச் சத்தமும், வண்டி ஹாரனும், யாரோ நேரமாச்சு என்று சொல்வதும் கேட்டன.

“மச்சான், கோடி போட்டாச்சுங்க. வண்டி வந்து நிக்குதுங்க. இந்த நேரத்த உட்டா ராத்திரிதான் எடம் கெடைக்குமாமா. அதுவரைக்கும் அவ ஒடம்பு தாங்காதுங்க.” அவர் குரல் உடைந்தது. “நீங்க மொகம் பாத்துட்டீங்களா? நீங்க சொல்லாம எடுக்கமாட்டேனுங்க.”

சீனிவாசலு பாலுசாமியின் முழங்காலைப் பிடித்து, அரை மணி கேளுங்கள் என்று கையாலேயே கெஞ்சினார்.

இல்லை. அந்த ஒரு சொல் தொண்டைவரை வந்தது. ஐம்பத்தொன்பது வருடமாகப் பழகாத சொல் அங்கேயே நின்றுவிட்டது.

“பாத்துட்டேனுங்க மாப்பிள்ளை. எடுங்க.”

அந்தப் பக்கம் ஓலம் எழுந்தது. யாரோ ரித்திகாவின் பெயரைச் சொல்லிப் பிடித்தார்கள். வண்டிக் கதவு சாத்தும் சத்தம்வரை பாலுசாமி போனைக் காதில் வைத்திருந்தார்.

அரை மணி கழித்து பஸ் நின்றது. கைடு ஓடிவந்து தன் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டுக் கொடுத்தான். பாலுசாமி கும்பிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார்.

மூன்றாம் நாள் அவர் மதுக்கரைக்குப் போனார். கட்டிலை மடித்துச் சுவரில் சாய்த்திருந்தார்கள். நாச்சிமுத்து அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது ஓய்ந்ததும் ஒரு விஷயம் கேட்டார்.

“மச்சான், கடைசியில அவ மொகத்துல ஒரு சிரிப்பு இருந்துச்சுங்க. நான் சொன்னா ஆரும் நம்பறதில்ல, வலியிலதான் போயிருக்கறான்னு சொல்றாங்க. நீங்க நல்லாப் பாத்தீங்கல்ல?”

வாசலில் இருந்த உறவுக்காரர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். ரித்திகா தூணைப் பிடித்துக்கொண்டு மாமாவின் வாயையே பார்த்தாள். அவள் கையிலிருந்த போனில் கால் எந்த இடத்தில் அறுந்தது என்று, அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்த அவளுக்குத் தெரியாது.

“இருந்துச்சுங்க மாப்பிள்ளை” என்றார் பாலுசாமி.

“தூங்கறப்பச் சிரிப்பாளே, அந்த மாதிரி.”

“அந்த மாதிரிதானுங்க.”

“கேட்டுக்கங்க எல்லாரும்” என்றார் நாச்சிமுத்து வாசலைப் பார்த்து. “கூடப் பொறந்தவரு சொல்றாரு.”

ரித்திகா வந்து மாமாவின் அருகில் உட்கார்ந்தாள். அம்மாவின் கண் முழுக்க மூடியிருந்ததா, கொஞ்சம் திறந்திருந்ததா, அழுத கண்ணில் தனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று மெல்லக் கேட்டாள்.

“மூடியிருந்துச்சு கண்ணு” என்றார் அவர். “நல்லா மூடியிருந்துச்சு.”