தெசாங்காவின் முன்சக்கரம்

செர்பிய மலையூர்களில் முப்பது வருடம் நர்ஸாக இருந்த தெசாங்கா, ஓய்வுக்குப் பின்னும் வாரம் மூன்று நாள் பக்கத்து வீட்டு ஸ்தோயாங்காவைத் தன் பழைய காரில் டயாலிசிஸுக்கு மலையிறக்கிக் கொண்டுபோவாள். சில நாட்களாக முன்பக்கம் டொக்டொக்கென்றது. டயர் மாற்றியும் நிற்கவில்லை.

அன்று காலை கிளம்புமுன் ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தாள். விழப்போகும் பல்லாக ஆடியது. சக்கரம் திரும்பும் அச்சாணியைக் கணவர் மிலிசாவ் அடித்து வெளியே எடுத்தார். துரு தின்றதுபோகப் பாதிதான் மிச்சம். ஊசிப்போன நாற்றம் வேறு.

"மனுஷா, கிரீஸ் அடிச்சியா, வறுவல் போட்டியா?"

"தொண்ணூறுகள்ல நம்ம நாட்டு மேல பொருளாதாரத் தடை போட்டப்ப கிரீஸ் ஏதுடி? நம்ம பன்னிக் கொழுப்புதான். வண்டி ஓடிச்சுல்ல?"

"இப்பதான் கிரீஸ் கடையிலயே கிடைக்குதே!"

"பழகிப்போச்சு."

"உப்புப் போட்ட கொழுப்பா? அதான் இப்படித் துரு தின்னுருக்கு!"

"உப்பில்லாட்டிக் கெட்டுப்போகுமேடி!"

தெசாங்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். முந்தாநாள் இந்தச் சக்கரத்தை நம்பித்தான் நோயாளியோடு அத்தனை வளைவுகளிலும் இறங்கியிருந்தாள். பிறகு மணி பார்த்தாள்.

"டிராக்டரை எடு. டிரெய்லர்ல மெத்தையைப் போடு. ஸ்தோயாங்காகிட்ட காரணத்தை நீயே சொல்லு."