மாமா நிறுத்தாத இடம்

"9-8-2005. அன்புள்ள அத்தாவுக்கு ஆயிஷா எழுதிக்கொள்வது. நாங்கள் நலம். ஞாயிற்றுக்கிழமை மாமா எங்களை வண்டியில் மரக்காணம் வரைக்கும் கூட்டிப் போனார். மாமா எனக்கு முன் சீட் கொடுத்தார். ரியாஸ் தூங்கியதும் மாமா தூக்கி மடியில் போட்டுக்கொண்டார். வழியில் வெள்ளையாக மலை தெரிந்தது. அது உப்பு என்று மாமா சொன்னார். கடைக்கு லேட் ஆனதால் மாமா நிறுத்தவில்லை."

சவுதியில், தம்மாமில் எங்கள் அறைக்கு இந்தக் கடிதம் வந்து சேர்ந்தபோது ஆகஸ்ட் மாதம் முடியப் போனது. கடைசி வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகளின் உலகத்தில் மாமா செய்யாமல் விட்ட காரியம் ஒன்று இருக்கிறது என்று எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது அப்போதுதான். அந்த இடத்தில் நான் நிறுத்துவேன். பயணத் திட்டம் அன்றைக்கே தொடங்கிவிட்டது.

மாமா என்பது என் மனைவி நூர்ஜஹானின் தம்பி சலீம். கோட்டக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறான். ஒரு வேன் வைத்து, ரஸ்க், ரொட்டி, பிஸ்கட் எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகக் கடைகளுக்குப் போட்டு வருகிறான். நல்ல பிள்ளை. அவன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது என்பதுதான் எனக்கு அவன் மேலிருந்த குறை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வரும் நான் வாங்கி வரும் பொம்மைக்கு பேட்டரி மாற்றிக் கொடுப்பவனும் அவன்தான்.

சாலை வரைபடம் ஒன்றை வாங்கி அறைச் சுவரில் ஒட்டினேன். கோட்டக்குப்பத்திலிருந்து மரக்காணம் சுமார் முப்பது கிலோமீட்டர். அதைத் தாண்டிக் கடப்பாக்கம் பக்கம் போனால் ஆலம்பரைக் கோட்டை. பிள்ளைகளோடு போவதால் வாந்திக்கு ஒரு நிறுத்தம், மூத்திரத்துக்கு இரண்டு நிறுத்தம் என்று குறித்தேன். கோட்டையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். திண்டிவனத்துக்காரரான என் அறைத்தோழர் கட்டிலில் படுத்தபடி கேட்டார்: "பாய், மரக்காணம் போறீங்களா, மக்கா போறீங்களா?"

ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசியில் சலீமே வந்தான். "மச்சான், அக்கா சொல்லிச்சு. டிசம்பர்ல உப்பளத்துக்குப் போறீங்களாமே? மழை மாசத்துல உப்பு எங்க இருக்கும்? பாத்தி பூரா தண்ணியாதான் கெடக்கும். நான் வேணா வேற எடம் காட்டறேன். வண்டி நம்மகிட்டயே இருக்குது."

மழையே இல்லாத ஊரில் பதினோரு வருடம் இருந்தவனுக்கு மழை மாதம் என்பது ஒரு சொல் மட்டும்தான். அதோடு, 'நான் காட்டறேன்' என்று அவன் சொன்னது காதில் விழுந்த பிறகு மற்றது எதுவும் விழவில்லை. "அதெல்லாம் நான் பாத்துக்கறேன் மாப்ள" என்று வைத்துவிட்டேன்.

18-12-2005, ஞாயிறு. காலை ஏழு மணிக்குப் புறப்பட வேண்டும். வாடகைக் கார், நாள் வாடகை எண்ணூறு ரூபாய், டீசல் தனி. ஓட்டுநர் அந்தோணி புதுச்சேரிக்காரர். கண்ணாடிக்குக் கீழே மாதா படமும், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு நட்சத்திரமும் தொங்கவிட்டிருந்தார். நான் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்து, பின் டயரில் காற்று குறைவு என்று சொல்ல, அவர் "அது அப்படித்தான் பாய், நாலு வருஷமா" என்றார். சலீம் வழியனுப்ப வந்திருந்தான். ரியாஸ் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு வண்டியில் ஏற மறுத்தான். ஐந்து வயது. போன விடுமுறையில் எனக்குப் பழகி முடிப்பதற்குள் நான் கிளம்பிவிட்டேன். ஒருவழியாகப் புறப்படும்போது ஏழு நாற்பது.

பொம்மையார்பாளையம் தாண்டியதும் இடது கைப்பக்கம் முந்திரித் தோப்பு, வலது பக்கம் விட்டுவிட்டுக் கடல். மீனவர் குப்பங்களில் சுனாமிக்குப் பிறகு கட்டிய புது வீடுகள், சுண்ணாம்பு வாசனைகூடப் போகாமல் நின்றன. நூர்ஜஹான் கடல் தெரிந்த போதெல்லாம் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டிக்குள் வேறு ஒரு வழிகாட்டி பேசிக்கொண்டிருந்தாள்.

"அத்தா, இந்த வளைவுல மாமா ரெண்டு தடவை ஹாரன் அடிப்பாரு."

அந்தோணி இரண்டு தடவை அடித்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"பாப்பா ஆசைப்பட்டுச்சு பாய்."

காலாப்பட்டு தாண்டிக் கூனிமேட்டில், வாந்திக்கென்று குறித்த இடத்தில் நிறுத்தினேன். யாருக்கும் வாந்தி வரவில்லை. எதிரிலிருந்த கடையில் பிஸ்கட் வாங்கப் போனோம். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். எங்களைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார்.

"அட, நம்ம சலீம் புள்ளைங்க! என்னாம்மா, உங்க அத்தா வரலையா? ரஸ்க் தீந்துபோச்சுன்னு போன் போட்டேனே!"

நான் கையில் பத்து ரூபாய்த் தாளோடு நின்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆயிஷாவிடம் குனிந்து, "இவரு யாரும்மா? சொந்தக்காரரா?" என்றார்.

"அவருதான் மாமா. இவருதான் அத்தா" என்றாள் ஆயிஷா. "சவுதிலேருந்து வந்திருக்காரு."

"மாஃப் பண்ணுங்க பாய். எப்பவும் அந்தத் தம்பியோடவே பாத்துப் பாத்து... எத்தினி நாள் லீவு?"

"ஜனவரி ஆறு வரைக்கும்."

"தோ, வந்துடுமே" என்றார் அனுதாபமாக. பிஸ்கட்டுக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார், சலீம் வீட்டுப் பிள்ளைகளாம். பிடிவாதமாகக் கொடுத்தேன். அந்தப் பத்து ரூபாயை அத்தனை கோபமாக நான் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஒன்பது மணிக்குக் கொஞ்சம் முன்னால் மரக்காணம். ஊருக்குச் சற்று முன்பே சாலையின் இருபுறமும் நிலம் தட்டையாகிவிடும். அங்கேதான் உப்பளங்கள். வரைபடத்தில் நான் சிவப்பு மையால் வட்டமிட்ட இடம். "நிறுத்துங்க" என்றேன்.

அந்தோணி நிறுத்திவிட்டு, "எதுக்கு பாய்?" என்றார்.

கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். பாத்திகளைப் பிரிக்கும் வரப்புகூடப் பாதி மூழ்கிக் கிடந்தது. வானம் எந்த நிறமோ தரையும் அதே நிறம், சாம்பல். கொக்குகள் நின்றன. இன்னும் நீளமான கால் கொண்ட, பெயர் தெரியாத பறவைகளும் நின்றன. உப்பு ஒரு பிடி இல்லை. மொபட்டில் போன ஒருவர் எங்களைப் பார்த்து வேகம் குறைத்தார்.

"என்னா சார் பாக்குறீங்க?"

"உப்பு" என்றேன்.

"இப்பவா?" அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாசி கழிச்சு வாங்க சார்." போய்விட்டார்.

தூரத்தில், தண்ணீருக்கு அந்தப் பக்கம், கீற்று வேய்ந்த மேடு ஒன்று இருந்தது. "அது உள்ள உப்புதான் பாய், மழைக்கு மூடி வச்சிருக்காங்க" என்று அந்தோணி உதவிக்கு வந்தார்.

"அது குடிசை" என்றான் ரியாஸ்.

"இல்லடா, உள்ள உப்பு இருக்குது."

"குடிசை. மாமாகிட்ட போலாம்."

அவனைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நாலடி நடந்தேன். பக்கத்திலிருந்தாவது காட்டலாம் என்ற எண்ணம். வரப்பு சோப்பு மாதிரி வழுக்கியது. பிள்ளையை உயரே பிடித்தபடி முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டேன். சவுதியிலிருந்து கொண்டு வந்த செருப்பில் ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது. ரியாஸ் ஊரே கேட்க "மாமா" என்று அலறினான். நூர்ஜஹான் சாலையிலிருந்து, "ஏங்க, உப்புக்காகப் புள்ளையை ஊறுகா போட்டுடாதீங்க, மேல வாங்க!" என்று கத்தினாள். அந்தோணி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

ஆயிஷா சிரிக்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் காலில் ஊற்றினாள். ஒன்றும் கேட்கவுமில்லை. அவள் ஏதாவது கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பத்தரைக்கு ஆலம்பரை. இடிந்த செங்கல் மதில்கள், அதற்குக் கீழே கழிமுகம், அப்பால் கடல். இதுவரை பார்க்காதவர்கள் பார்க்க வேண்டிய இடம். நவாபு காலத்துக் கோட்டை, பிறகு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது, இங்கே நாணயம் அடித்திருக்கிறார்கள், கடைசியில் ஆங்கிலேயர் இடித்தார்கள் என்று நான் படித்து வைத்ததைச் சொன்னேன். ஆயிஷா கவனமாகக் கேட்டாள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உயிர் வந்தது.

"மாமாவுக்கு இதெல்லாம் தெரியுமா அத்தா?"

"தெரியாது" என்றேன், அழுத்தமாக.

"அப்ப நான் போயி சொல்லித் தர்றேன்."

மதில் நிழலில் உட்கார்ந்து தக்காளிச் சோறும் பொரித்த கோழியும் சாப்பிட்டோம். அங்கே கடலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே எதுவும் இல்லை. தம்மாம் கடற்கரையில் கம்பி போட்டிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுடைய பிள்ளைகள் நிற்பதைப் பல வெள்ளிக்கிழமைகள் பார்த்திருக்கிறேன். இங்கே பிடித்துக்கொள்ள என் கைதான். ரியாஸ் அம்மாவின் கையைப் பிடித்திருந்தான்.

மாலை நான்கரைக்கு வீடு. ஐந்து மணிக்கு சலீம் சூடான பரோட்டா பொட்டலத்தோடு வந்தான். ரியாஸ் ஓடிப்போய் அவன் கழுத்தில் தொங்கினான். அவன் அந்தச் சாலையில் வாரம் இரண்டு தடவை போகிறவன். வியாழக்கிழமைகூடப் போய் வந்தான். இருந்தும் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டான்.

"என்னா ஆயிஷா, உப்பு பாத்தியா?"

ரியாஸ் வாயைத் திறந்தான். ஆயிஷா ஒரு துண்டு பரோட்டாவை அதில் திணித்தாள்.

"பாத்தோம் மாமா. மலை மாதிரி இருந்துச்சு. அத்தா வண்டிய நிறுத்தி என்னை மேலயே ஏத்திவிட்டாரு. நக்கிப் பாத்தேன்."

சலீம் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். பிறகு, "அடடா, நான் அன்னிக்கு நிறுத்தாமப் போயிட்டேனே!" என்றான். அவன் முகத்தில் கேலி இருக்கிறதா என்று தேடினேன். இல்லை.

என் மகள் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள், அதுவும் அவனிடம். பிள்ளைகள் பொய் சொல்லக் கூடாது என்று கண்டிக்க வேண்டிய தகப்பன், மூன்றாவது பரோட்டாவைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் நான் ஜெயித்தது அந்த மாலை ஒன்றுதான். மறுநாள் மதியம் வரை அது என்னிடம் இருந்தது.

மறுநாள் மதியம் துணி மடித்துக்கொண்டே நூர்ஜஹான் சொன்னாள்: "நேத்து காலையில நீங்க டயரைச் சுத்திக்கிட்டு இருந்தப்ப சலீம் பாப்பாவைத் தனியா கூட்டிட்டுப் போயி என்னமோ சொல்லிக்கிட்டு இருந்தான். இவளும் தலையத் தலைய ஆட்டினா."

"என்ன சொன்னான்?"

"எனக்கென்னங்க தெரியும். அரையாண்டுப் பரிட்சையைப் பத்தி இருக்கும்."

குழந்தைகளோடு இந்தக் கரையில் பயணம் போக நினைப்பவர்கள் கோடையில் போகவும். மாசி கழிந்தால் உப்பு கிடைக்குமாம். மார்ச்சிலோ ஏப்ரலிலோ எனக்கு விடுமுறை கிடையாது. 6-1-2006 வெள்ளிக்கிழமை சென்னை விமான நிலையத்துக்கு அதே சாலையில்தான் போனேன், சலீமின் வேனில். உப்பளம் வந்ததும் நான் கேட்காமலேயே அவன் வேகத்தைக் குறைத்தான். "நிறுத்தட்டுமா மச்சான்?" என்றான். வேண்டாம் என்றேன். பின் சீட்டில் ஆயிஷா அவன் தோளுக்கும் என் தோளுக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கலாம். இரண்டு பேருமே வண்டியில் இருந்தார்கள். நான் கேட்கவில்லை.

ஆகவே இந்தக் குறிப்பில் தேதிகளும் தூரங்களும் சரி. அந்தப் பொய் என் மகளுக்குத் தானாகவே வந்ததா, அவள் மாமா சொல்லிக் கொடுத்து அனுப்பியதா என்பது மட்டும் இன்னும் சரிபார்க்கப்படவில்லை.