இடது கைக்கு ஒரு ரம்பம்

அக்னஸ் வீட்டுக் கொல்லையில் புதிதாக ஒரு மர மேடை நின்றது. தரையிலிருந்து மூன்றரை அடி உயரம். ஐப்பசி மழையில் வாய்க்கால் பொங்கினால் கொல்லை முழுக்கத் தண்ணீர் நிற்கும், பாம்பும் வரும். அந்த நாளிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்து சம்பாப் பயிரைப் பார்க்க வேண்டும் என்பது அவள் கணவர் பெரியநாயகசாமியின் ஆசை. அவர் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர்.

மேடையைச் செய்தவர் வைரக்கண்ணு ஆசாரி. தூண், தளம், கைப்பிடி எல்லாவற்றையும் கச்சிதமாக முடித்தார். "படி மட்டுந்தாங்க பாக்கி. நாளைக்கு வந்துர்றேன்" என்று சொல்லி, படிக்கான இரண்டங்குல வேங்கைப் பலகைகள் இரண்டையும், கால் வைக்கும் ஒரு அங்குல மிதிபலகைகளையும் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார். நாகூரில் பெரிய வீட்டு வேலை ஒன்று கிடைத்துவிட்டது. ஏழு வாரமாகப் போன் போட்டாலும் அதே நாளைதான்.

அதுவரை மேடைக்கு ஏற வழி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். பெரியநாயகசாமியின் தங்கை எல்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், பட்டுப்புடவையோடு அதில் ஏறி மேலே போய்விட்டாள். காப்பி குடித்தாள், காற்று வாங்கினாள். இறங்கப் பார்த்தபோது ஸ்டூல் எங்கோ பாதாளத்தில் தெரிந்தது.

"அண்ணே, நான் இங்கேயே இருந்துக்கறேன். சோத்தை மேல அனுப்பிருங்க."

அண்ணன் ஒரு கையையும் அக்னஸ் ஒரு கையையும் பிடித்து, மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே அவளை இறக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. தரையில் கால் பட்டதும் எல்சி கேட்ட முதல் கேள்வி: "மூணு வாரத்துல உங்க மக ஜெனோவாவுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி அம்மாவையும் இப்படித்தான் இறக்கப்போறீங்களா, அண்ணி?"

அன்று மாலை அக்னஸ் அந்தப் பலகைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். முப்பத்தொரு வருடமாகத் தையல்காரி. ஊரில் பாதிப்பேர் அவள் தைத்த ரவிக்கைதான் போடுகிறார்கள். பேப்பரில் அளவு வெட்டாமல் அவள் ஒரு துணியையும் தொட்டதில்லை. படியைத் தாங்கும் சாய்வுப் பலகை என்பது என்ன? பல் பல்லாக வெட்டிய ஒரு நீளத் துண்டு. நாளிதழ்களை ஒட்டி, ஏழங்குல உயரம், பத்தங்குல அகலம் என்று ஐந்து பல் வரைந்து, ஆறாவது ஏற்றம் மேடைதான் என்று கணக்கிட்டு வெட்டி, பலகை மேல் விரித்தாள். உட்கார்ந்தது.

"ஏங்க, நாமளே வெட்டிரலாம்."

பெரியநாயகசாமி பேப்பரைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "எதால? கத்திரிக்கோலாலயா?"

மறுநாள் இருவரும் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினார்கள். அக்னஸின் தையல் பையில் அந்தப் பலகையில் ஆசாரி அறுத்துப் போட்டிருந்த ஒரு முழத் துண்டு இருந்தது.

கீழவாசலில் மெஷின் கடை வைத்திருந்த அப்துல் ரஹ்மான் பெரியநாயகசாமியை மட்டும் பார்த்துப் பேசினார். "சார், இந்த நாலு இஞ்சு கட்டர் போதும். டைல்ஸும் வெட்டலாம், மரமும் வெட்டலாம். ஆசாரிங்க எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க."

அக்னஸ் துண்டுப் பலகையை மேஜை மேல் வைத்து, கட்டரை அதன் பக்கத்தில் நிறுத்தினாள். வட்டப் பல் ஒன்றேகால் அங்குலம்தான் கீழே இறங்கியது.

"மிச்ச முக்கால் இஞ்சை யாரு வெட்டுவா?"

அப்துல் ரஹ்மான் அப்போதுதான் அவள் பக்கம் திரும்பினார். "நீங்களாம்மா வெட்டப்போறீங்க?"

"நான்தான்."

"சார்?"

"நான் பலகை பிடிக்கிற ஆளு" என்றார் பெரியநாயகசாமி.

ஒன்பது அங்குல மெஷின் வந்தது. இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்த அக்னஸ், "இதைத் தூக்கவே இன்னொரு ஆள் வேணும்" என்று வைத்துவிட்டாள். பாட்டரியில் ஓடுவது ஒன்று வந்தது. கரண்டு போனாலும் ஓடும் என்றார் கடைக்காரர். வெட்டப்போவது இரண்டே பலகை, கரண்டு வரும் வரை காத்திருக்கலாம் என்றாள் அவள். கடைசியில் ஒயர் வைத்த ஏழங்குல மெஷின் வந்தது. பல் இரண்டரை அங்குலம் இறங்கியது. எடையும் அடங்கியது. அக்னஸ் அதை இடது கையில் எடுத்தாள்.

"அய்யய்யோ, அந்தக் கையா?" அப்துல் ரஹ்மான் பதறினார். "கம்பெனிக்காரன் வலது கைக்குத்தானம்மா செய்றான். இடது கைக்குச் சொல்லித்தான் வரவழைக்கணும். ஒரு மாசம் ஆகும்."

அக்னஸின் முகம் சுருங்கிவிட்டது. கத்திரிக்கோலிலும் இதே கதைதான் அவளுக்கு. வலது கைக்காரர்களுக்குச் செய்த கத்திரியை இடது கையில் பிடித்தால், மேல் அலகு கோட்டை மறைத்துக்கொள்ளும். முப்பத்தொரு வருடமும் கழுத்தை ஒடித்து எட்டிப் பார்த்துத்தான் வெட்டினாள். இனிமேல் ரம்பத்துக்கும் ஒடிக்க வேண்டுமா?

ஆனாலும் மெஷினைக் கீழே வைக்க மனம் வரவில்லை. பலகையில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, மெஷினை அதன்மேல் வைத்துக் குனிந்தாள். பல் கோட்டைத் தொடும் இடம் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது.

"நீங்க கொஞ்சம் பிடிங்க பாய்."

அவர் வலது கையில் பிடித்தார். மோட்டார் அவருக்கும் பல்லுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டது. கோட்டைப் பார்க்க, கழுத்தை வாத்து மாதிரி நீட்டினார்.

"ஏங்க, இங்க வந்து பாருங்களேன்!" அக்னஸ் கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "எனக்குன்னே செஞ்சிருக்கான்!"

"இருபது வருசமா விக்கிறேன். எனக்கே இது தெரியாதும்மா" என்றார் அப்துல் ரஹ்மான். பக்கவாட்டில் இருந்த பாதுகாப்புப் பொத்தான் மட்டும் அவள் கட்டைவிரலுக்கு எட்டவில்லை. ஆள்காட்டி விரலால் அழுத்திப் பழகினாள். கண்ணில் தூள் படாமல் போடும் கண்ணாடியும் ஒரு கைரம்பமும் எடுத்து வைத்த கடைக்காரர் கிளம்பும்போது சொன்னார்: "ரெண்டு கோடு சேர்ற மூலை வரைக்கும் மெஷினை ஓட்டாதீங்க. வட்டப் பல்லு, கோட்டைத் தாண்டிரும். முன்னாடியே நிறுத்திட்டு, மிச்சத்தைக் கைரம்பத்தால அறுங்க."

"சதுரக் கழுத்து வெட்டுற மாதிரி. தெரியும் பாய்."

சனிக்கிழமை காலை, புடவை மேல் கணவரின் பழைய யூனிபார்ம் சட்டையை மாட்டி, கண்ணாடி போட்டு அக்னஸ் தயாரானாள். பெரியநாயகசாமியோ பலகையை விட்டுவிட்டு ஸ்விட்ச் போர்டு அருகில் போய் நின்றார். மெஷின் உறுமிய மறுகணம் அணைத்தார்.

"ஏன் நிறுத்துனீங்க?"

"சத்தம் ஒரு மாதிரி இருந்துச்சு."

"ரம்பம்னா சத்தம் வரும்ங்க. பாட்டா பாடும்?"

நான்கு முறை இப்படி நடந்தது. ஐந்தாம் முறை அவரை ரேஷன் கடைக்கு அனுப்பிவிட்டு, பலகையை இரும்புப் பிடிப்பான்களால் இறுக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். பத்து மூலையையும் கைரம்பத்தால் முடித்தபோது தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் இரண்டு பலகையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் ஒரே பலகை போல் பொருந்தியது. மத்தியானம் ரேஷன் பையோடு திரும்பியவர் வாயைத் திறந்தபடி நின்றார். சாயந்தரத்துக்குள் இருவருமாக மிதிபலகைகளை அடித்து, படியை மேடையில் பொருத்திவிட்டார்கள்.

முதலில் ஏறியவள் எல்சி. அடிப்படியில் காலைத் தூக்கவே சிரமப்பட்டாள். மேலே போய், கடைசியில் தடுமாறி மேடையில் குப்புற விழப்போனாள்.

"அண்ணி, கீழ மலை மாதிரி இருக்கு, மேல பள்ளமா இருக்கு!"

அக்னஸ் அளந்தாள். அடிப்படி எட்டங்குலம், கடைசிப் படியிலிருந்து மேடைக்கு ஆறு, நடுவில் எல்லாம் ஏழு. மிதிபலகையின் ஒரு அங்குலக் கனத்தை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை. தையலுக்கு விடும் துணியை மறக்காதவள் இதை மறந்துவிட்டாள். பெரியநாயகசாமி மெதுவாக, "வைரக்கண்ணுக்குப் போன் போடட்டுமா?" என்றார்.

"ஒண்ணும் வேணாம். பாவாடை உயரம் ஜாஸ்தின்னா தூக்கியா போடுறோம்? கீழ குறைச்சிரலாம்."

படியைக் கழற்றி, இரண்டு பலகையின் அடியிலும் ஒரு அங்குலம் சீவி எடுத்து, மறுபடி பொருத்தினாள். எல்லாப் படியும் ஏழு. எல்சி கைப்பிடியைத் தொடாமல் ஏறி இறங்கிக் காட்டினாள்.

நிச்சயதார்த்தத்தன்று சம்பந்தி வீட்டார் பதினான்கு பேர் ஏறினார்கள், இறங்கினார்கள். வயலைப் புகழ்ந்தார்கள், காற்றைப் புகழ்ந்தார்கள், பிரியாணியையும் புகழ்ந்தார்கள். படியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தடுக்காத படியை யார் கவனிப்பார்கள்? அக்னஸ் பொறுத்துப் பார்த்தாள். கடைசியாகச் சம்பந்தி அம்மா வெற்றிலை மென்றபடி இறங்கி வரும்போது, கீழே வழியை மறித்து நின்றாள்.

"அந்த மூணாவது படியிலயே ஒரு நிமிசம் நில்லுங்க சம்பந்தி. இதை யாரு செஞ்சதுன்னு கேளுங்களேன்."