ஆற்றை நோக்கிப் போன அஞ்சலை

என் கணவர் எங்கள் பழைய அம்பாசிடருக்கு அஞ்சலை என்று பெயர் வைத்தபோது, "இரும்புக்கு எதுக்குங்க பேரு?" என்று கேலி செய்தவள் நான்.

சம்பா நடவுச் சமயம். மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் இளம்பச்சை, வண்டியின் முனகல், எனக்குப் பாதித் தூக்கம். ஆற்றில் தண்ணீர் நிறைய வந்திருந்ததால், பார்த்துவிட்டுப் போகலாமே என்று கரைச் சரிவில் நிறுத்தி இறங்கினோம். தண்ணீருக்குள் மேகங்கள் நகர்வதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மேகங்களோடு எங்கள் காரும் நகர்ந்தது! பழைய ஹேண்ட்பிரேக்கை நம்பி, சக்கரத்துக்குக் கல் வைக்க மறந்திருந்தோம்.

"ஐயோ, அஞ்சலை ஆத்துல போறா!" என்று அலறினார் கணவர்.

பக்கத்து வயலில் நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றுமுடிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அதற்குள் முன்சக்கரம் சேற்றில் புதைந்து, வண்டி தண்ணீரை எட்டிப் பார்த்தபடி நின்றுவிட்டது.

"எங்கங்க அந்தப் பொண்ணு?" என்று மூச்சிரைக்கக் கேட்டார் ஒரு அக்கா. கணவர் கூச்சத்தோடு காரைக் காட்டினார். பிறகு சிரித்துச் சிரித்தே எல்லோரும் வண்டியை மேலே இழுத்துவிட்டார்கள்.

"காருன்னு கத்தியிருந்தா, நட்டு முடிச்சிட்டுத்தான் வந்திருப்போம்" என்றார் அந்த அக்கா.

இப்போது எங்கே நிறுத்தினாலும் முதலில் கல் வைப்பவள் நான்தான். "இரு அஞ்சலை, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்கிறேன். அந்த வழியாகப் போனால் வயலிலிருந்து குரல் வரும்: "அஞ்சலை நல்லாருக்காளா?"

எங்களை யாரும் விசாரிப்பதில்லை.